படம் பார்க்கப் போன இடத்துல நம்ம வீட்டு அக்கா

கேள்வி: துரைப்பாக்கத்துல அபார்ட்மெண்ட், ஓஎம்ஆர்ல ஐடி வேலை. போன ஞாயித்துக்கிழமை கண்ணகி நகர்ல சுவர் ஓவியம் பார்க்கலாம்னு பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். போட்டோ எடுத்துட்டு இருக்கேன், அந்த சுவருக்குக் கீழயே எங்க வீட்ல வேலை செய்ற அக்கா குடத்தோட லைன்ல நிக்கறாங்க. ஆறு வருஷமா வர்றாங்க, வீடு துரைப்பாக்கம்னுதான் சொல்லுவாங்க. லேட்டா வந்தா கத்தியிருக்கேன். ரெண்டு பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துட்டோம். மனசே சரியில்ல. என்ன பண்ணட்டும்?
- பெயர் வேண்டாம்

பதில்: போனது தப்பில்லம்மா. 2020-ல தெரு ஓவியம் பண்ற ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோட சேர்ந்து அந்த ஹவுசிங் போர்டு சுவர்ல படம் வரைஞ்சதே வெளியாளுங்க உள்ள வரட்டும்னுதான். எனக்கு அந்தப் படங்கள் மேல கொஞ்சம் கோபமும் உண்டு, வெளிய பெயின்ட் அடிச்சா உள்ள இருக்கற ஒரு ரூம் ரெண்டா ஆயிடுமா. ஆனா ஆறு வருஷம் பக்கத்துலயே இருந்தும் போகாத உங்களை அங்க கூட்டிட்டுப் போனதும் அதே படம்தான், அதை மறுக்க முடியல.

அக்கா பொய் சொல்லிட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2000-லேர்ந்து கூவம், அடையாறு கரையில இருந்தவங்களைக் காலி பண்ணி கொண்டு வந்து விட்ட இடம் அது, 15,000-க்கு மேல வீடு, முதல்ல கட்டினதுல நிறைய வீடு 200 சதுர அடிகூட வராது, உங்க ஹாலை அளந்து பாருங்க. கண்ணகி நகர்னு சொன்னாலே வேலை குடுக்க யோசிக்கறாங்கன்னு அங்க உள்ள பசங்க பயோடேட்டாலயே துரைப்பாக்கம்னு போடறது உண்டு. உங்ககிட்ட சொன்னதும் அதே பயத்துலதான்.

நான் மட்டும் என்ன யோக்கியம். பெசன்ட் நகர்ல பல வருஷம் இருந்தேன், மீனவங்க இருக்கற ஊரூர் ஆல்காட் குப்பம் நடக்கற தூரம்தான், மீன் வாங்கறதோட சரி. 2015-ல அங்க கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவெல்லாம் சேர்ந்து விழா நடத்தினாங்க, கச்சேரி கேக்கத்தான் போனேன், அப்பதான் முதல் தடவையா அந்தத் தெருவுக்குள்ள கால் வச்சேன். எனக்கு தினமும் மீன் குடுக்கற அம்மா அங்க சேர் எடுத்துப் போட்டு "உக்காரு கண்ணு"ன்னாங்க. எனக்கு அவங்க பேர் தெரியாது. கச்சேரில என்ன பாடினாங்கன்னு இப்ப ஞாபகமே இல்ல, அந்த சேர்தான் ஞாபகம் இருக்கு.

சரி, உங்க விஷயம். உக்கார வச்சு "ஏன்க்கா சொல்லல, ஐயோ பாவம்"னு ஆரம்பிச்சுடாதீங்க, அவங்க கூனிக்குறுகிப் போயிடுவாங்க. "அக்கா, ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்த்தேன், பேசாம வந்துட்டேன், தப்புதான்"னு சாதாரணமா சொல்லுங்க, போதும். தண்ணி எப்ப வருதுன்னு கேட்டுட்டு, அதுக்கேத்த மாதிரி வேலை நேரத்தை மாத்திக்கோங்க. லேட்டுக்கு சம்பளம் பிடிச்சிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க, தானமா இல்ல, பாக்கியா.

பசங்க "அது நம்ம அக்காதானே"ன்னு கேட்டிருப்பாங்களே, மழுப்பாம ஆமான்னு சொல்லுங்க. அப்புறம் அந்த போட்டோல அக்கா விழுந்திருக்காங்களான்னு ஜூம் பண்ணிப் பாருங்க, இருந்தா அவங்களைக் கேக்காம ஸ்டேட்டஸ்ல போட்டுடாதீங்க.