கோதுமையை விட்டாச்சு, மக்காச்சோளமும் சேரவில்லையா?

கோதுமையை நிறுத்தியவர்கள் அனுப்பும் கேள்விகளில் இந்த மாதம் மக்காச்சோளம்தான் அதிகம். காரணம் புரிகிறது. 'குளூட்டன் இல்லாதது' (குளூட்டன் என்பது கோதுமை போன்ற சில தானியங்களின் புரதம்) என்று விற்கும் ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா பலவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் மக்காச்சோளம் இருக்கிறது. அதனால் கோதுமை போன இடத்தில் நமக்கே தெரியாமல் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சீலியாக் நோய் என்று எண்டோஸ்கோபியில் உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. கோதுமை, ரவை, மைதா எதையும் தொடுவதில்லை. காலையில் பாலில் கார்ன் ஃப்ளேக்ஸ், சில நாள் இரவில் கார்ன் பாஸ்தா. உப்புசமும் வயிற்றுப்போக்கும் திரும்ப வந்துவிட்டன. மக்காச்சோளத்திலும் குளூட்டன் உண்டா மேடம்?
(வாசகி, பெரம்பூர்)

சீலியாக் என்பது குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். அதைத் தூண்டுகிற குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களின் புரதங்கள்தான் நோயைத் தூண்டுபவை. மக்காச்சோளப் புரதத்தின் பெயர் ஸெயின். தீவன வியாபாரத்தில் இதை 'கார்ன் குளூட்டன்' என்றே சொல்கிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. சீலியாக் உள்ளவர்களில் மிகச் சிலருக்கு ஸெயினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

முதலில் அந்தக் கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல கம்பெனிகள் ருசிக்காக 'மால்ட்' சேர்க்கின்றன. மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. அதாவது தினமும் காலையில் கொஞ்சம் குளூட்டன் உள்ளே போயிருக்கலாம். அடுத்தது பால். சீலியாக்கில் சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்துபோவதால், பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியும் குறைந்துவிடும். குடல் ஆற ஆற அது திரும்பும், ஆனால் பெரியவர்களுக்கு எட்டு மாதம் போதாமல் போவது சகஜம். ஆக அந்த ஒரு கிண்ணத்தில் மால்ட், பால், மக்காச்சோளம் என மூன்று பேர் மேலும் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் பழி போட்டது மூன்றாவது ஆள் மேல்.

இப்படிச் செய்யுங்கள். கார்ன் ஃப்ளேக்ஸ், பாஸ்தா, பால் மூன்றையும் இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள். இட்லி, இடியாப்பம், சாதம் என்று போகட்டும், மோர் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம். வயிறு அடங்கிய பிறகு, வெறும் உப்புப் போட்டு வேகவைத்த கதிரில் பாதியை மட்டும் ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் முழுக் கதிர். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் மக்காச்சோளத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அதன் மேல் தப்பில்லை. அப்புறம், உங்கள் மருத்துவரிடம் டிடிஜி ரத்தப் பரிசோதனையை (சீலியாக்கில் ஏறும் எதிர்ப்புப் புரதத்தை அளப்பது) மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அது குறையாமல் நின்றாலோ ஏறினாலோ குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான் வெளியே எதுவும் சாப்பிடுவதே இல்லை. சாம்பார் சாதம், கேழ்வரகுக் கூழ், மக்காச்சோள அடை. மாவெல்லாம் மில்லில் அரைத்தது. அப்படியும் அடை சாப்பிட்ட அன்று வயிறு கெடுகிறது.
(வாசகர், மயிலாப்பூர்)

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'மில்'. மாவு மில்லில் இயந்திரத்தின் வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருப்பார்களே, அதை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு புகை மாதிரி கொட்டும். கல்லுக்கு நடுவிலும் ஒட்டியிருக்கும். அதன் பிறகு உங்கள் மக்காச்சோளம் விழுந்தால், டப்பாவில் வருவது கலப்பு மாவு. இந்தியச் சட்டப்படி 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு சின்ன அளவை ஒரு பிடி கோதுமை மாவு எளிதாகத் தாண்டிவிடும். தானியத்தைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். அடைக்கு ஊறவைத்து அரைப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது சந்தேகம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றிலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பார், ரசம், அடை என்று தினமும் எல்லாவற்றிலும் விழுகிற பொருள் இது! என்னிடம் வருகிற எல்லாரையும் பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொல்கிறேன். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள்.

மக்காச்சோளம் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச் சோளத்தில் இட்லி செய்யலாமா? கடையில் 'சோள மாவு' என்று கேட்டால் வழவழவென்று வெள்ளையாக ஏதோ கொடுத்தார்கள்.
(வாசகி, தாம்பரம்)

அவர்கள் கொடுத்தது கார்ன் ஃப்ளோர், அதாவது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். சென்னையில் 'சோளம்' என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் நடமாடுகின்றன. பீச்சில் சுட்டுத் தருவது மக்காச்சோளம். கோபி 65-க்குப் போடுவது அதன் ஸ்டார்ச் (அதோடு பல கடைகளில் மைதாவும் சேரும், ஜாக்கிரதை). நம் ஊரில் பல தலைமுறையாகக் களியும் சோறும் ஆக்கியது வெள்ளைச் சோளம், அது வேறு தானியம். அதில் குளூட்டன் கிடையாது, தாராளமாக இட்லி செய்யலாம். மாவாக வாங்காமல் முழுத் தானியமாகவே வாங்குங்கள், குழப்பமே வராது. மக்காச்சோளத்துக்கு அலர்ஜி என்று பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும், இரண்டும் தாவரக் குடும்பத்தில் நெருங்கிய உறவு.

பெசன்ட் நகர் பீச்சில் சோளம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பையனுக்கு (வயது 6) உதடு வீங்கி, முதுகெல்லாம் தடிப்பு வந்து, வாந்தியும் எடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாமா?
(தாய், அடையாறு)

தயவுசெய்து வேண்டாம். இது அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒவ்வாத வயிறு என்று விடுகிற விஷயமில்லை. வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. அலர்ஜி மருத்துவரிடம் காட்டி மக்காச்சோளத்துக்கும், அன்று அதில் தடவிய வெண்ணெய், மசாலா ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அடுத்த முறை மூச்சு இழுத்தாலோ குரல் கம்மினாலோ உடனே 108. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அந்த நேரத்துக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து.

அதுவரை லேபிளை முழுதாகப் படியுங்கள். இந்தியாவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் மக்காச்சோளம் இல்லை. அதனால் தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருக்காது. கஸ்டர்ட் பவுடர், பேக்கிங் பவுடர், ஐசிங் சுகர், லிக்விட் குளூக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றில் பெரும்பாலும் அதுதான் மூலப்பொருள்.

ஒரு லேபில் இருநூறு உணவுகளுக்கு ஐஜிஜி டெஸ்ட் எடுத்தேன். மக்காச்சோளம், அரிசி, தக்காளி எல்லாம் சிவப்பில் வந்திருக்கிறது.
(வாசகர், வேளச்சேரி)

அந்த அறிக்கையை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம். நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அரிசியையும் விட்டுவிட்டால் எதைச் சாப்பிடுவீர்கள்?

டெஸ்ட் எதுவும் எடுக்காமல் நானாகவே கோதுமையை விட்டேன், நன்றாக இருக்கிறது. கப் கார்ன் சாப்பிட்டால் மட்டும் கேஸ்.
(வாசகி, போரூர்)

கப் கார்னில் அளவுதான் பிரச்சினை. ஸ்வீட் கார்னில் சார்பிட்டால் போன்ற, குடலில் புளிக்கும் சர்க்கரைகள் உண்டு, தோலும் செரிக்காது. பாதிக் கப்போடு நிறுத்திப் பாருங்கள்.

எனக்குக் கவலை டெஸ்ட் எடுக்காததில்தான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி சீலியாக் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். இங்கே அரிது என்பதாலேயே தவறவிடவும் செய்கிறோம். கோதுமையை விட்ட பிறகு டெஸ்ட் எடுத்தால் இருக்கிற நோயும் இல்லை என்று வரலாம். குடல் மருத்துவரைப் பாருங்கள். சில வாரம் கோதுமையைத் திரும்பச் சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டுமா என்று அவர் சொல்வார்.

தைராய்டு மாத்திரையில் சோள ஸ்டார்ச் இருக்கிறதாம். நிறுத்திவிட்டேன்.
(வாசகி, அம்பத்தூர்)

இன்றே திரும்ப ஆரம்பியுங்கள். மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கில்தான், வயிறு உப்பும் அளவுக்கு அது போதாது. அலர்ஜி உறுதியானவராக இருந்தால் மட்டும், மருத்துவரிடம் ஸ்டார்ச் இல்லாத வேறு பிராண்டு கேளுங்கள். அது கையில் வரும்வரை பழையதை நிறுத்தலாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.