12ஆம் நம்பர் தட்டும் 46 மைல் கையும்

கூடையும் தட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டிஸ்க் கால்ஃப் பற்றி எழுதியபோது, ‘பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, மற்றதெல்லாம் கால்ஃப்தான்’ என்று சொல்லி முடித்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: டிரைவர் (தூரம் போக எறிகிற தட்டு) வாங்கினேன், போகவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க டிரைவர்தான். பட்டிங், அதாவது கிட்டே நின்று கூடைக்குள் போடுவது, பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா, எனக்கு 36 வயது. கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து நேராகக் கீப்பர் கைக்கு எறிகிறவன். கடையில் ரொம்ப விற்பது இதுதான் என்றார்கள் என்று 175 கிராம் இன்னோவா டெஸ்ட்ராயர் வாங்கினேன். மேலே 12, 5, -1, 3 என்று போட்டிருக்கிறது. பேக்ஹேண்டில் (புறங்கை முன்னே வர) எப்படி எறிந்தாலும் 200 அடியில் இடதுபக்கம் குத்திக்கொண்டு இறங்குகிறது. நண்பனின் 7 ஸ்பீடு தட்டும் அதே 200 அடி போகிறது. கோளாறு தட்டிலா, என்னிலா?
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

தட்டில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. உங்களிடமும் பெரிதாக இல்லை. ஜோடிதான் பொருந்தவில்லை.

அந்த நாலு எண்களும் வரிசையாக ஸ்பீடு, கிளைட் (மிதப்பு), டர்ன், ஃபேட். ஸ்பீடு 12 என்றதும் தட்டு வேகமாகப் போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். தட்டுக்கு ஏது வேகம்? வேகம் உங்கள் கையில் இருக்கிறது. ‘இவ்வளவு வேகத்தில் விட்டால்தான் நான் ஒழுங்காகப் பறப்பேன்’ என்று தட்டு கேட்கிற கூலிதான் அந்த 12.

டெஸ்ட்ராயரின் விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம், கத்தி மாதிரிக் கூர். கூடைக்குள் போட வைத்திருக்கும் பட்டரின் விளிம்பு அதில் பாதிதான் இருக்கும். அகல விளிம்பு காற்றைக் கிழிக்கும், உண்மை. ஆனால் வலதுகைக்காரர் பேக்ஹேண்டில் விட்டால் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். நல்ல வேகத்தில் இருக்கும்வரை நேராகவோ கொஞ்சம் வலதுபக்கமோ சாயும், அது டர்ன். வேகம் குறைந்ததும் காற்று தட்டின் மூக்கை, அதாவது முன் விளிம்பை, தூக்கப் பார்க்கும். சுழல்கிற பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் சாயும் என்பது பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். மூக்கைத் தூக்கினால் தட்டு இடதுபக்கம் சாய்கிறது. அதுதான் ஃபேட். டெஸ்ட்ராயருக்கு அது 3, அதாவது பலமான இழுப்பு.

உங்கள் கையை விட்டுப் புறப்படும்போதே அந்தத் தட்டுக்கு வேகம் போதவில்லை. நேராகப் போகிற கட்டமே வராமல் எடுத்த எடுப்பில் ஃபேட்டுக்குப் போய்விடுகிறது. பல்லவி இல்லாமல் மங்களம் பாடுகிற கச்சேரி.

நானும் பட்டவள்தான். 41 வயதில் ஆரம்பித்தேன். முதலில் வாங்கிய டிரைவரின் பெயர் பாஸ், ஸ்பீடு 13. பெரிய எண் பெரிய தூரம் என்ற கணக்கு. சார்லட்டில் ஒரு பார்க்கில் இடதுபக்கம் குளம் இருக்கிற துளையில் (கூடைதான், பெயர் மட்டும் கால்ஃப் பழக்கம்) அதை நாலே நாலு தடவை எறிந்தேன். நாலாவது தடவை குளத்துக்கே போய்விட்டது. கூட ஆடிக்கொண்டிருந்த, பல் தேய்ந்த நாயோடு வரும் ஒரு பெரியவர் தன் பையிலிருந்து லெப்பர்டு என்ற பழைய தட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். 6, 5, -2, 1. விளிம்பெல்லாம் சிராய்த்து, செம்மண் ஏறி, ஓரத்தில் யாரோ கடித்த மாதிரி ஒரு பள்ளம். ‘அழுத்தி எறியாதே, சும்மா விடு’ என்றார். விட்டேன். மட்டமாகப் போய், வலதுபக்கம் ஒரு தலையாட்டல், பிறகு நிதானமாகத் திரும்பி நேராக இறங்கியது. என் வாழ்க்கையில் தட்டு ‘எஸ்’ போட்டுப் பறந்தது அன்றுதான் முதல் தடவை. அந்த லெப்பர்டை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

உங்களுக்கு என் யோசனை: டெஸ்ட்ராயரைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் உதவும். இப்போதைக்கு ஒரு லெப்பர்டு அல்லது லெப்பர்டு3, 165 கிராம் பக்கம். மலிவான டிஎக்ஸ் பிளாஸ்டிக்கே போதும், பத்துப் பன்னிரண்டு டாலர்தான். அது மரத்தில் மோதி மோதித் தேயும். தேயத் தேய இன்னும் இளகி வலதுபக்கம் திரும்பும். உங்களுக்கு அது நல்லது. சமமான தரையில் 250 அடி தாண்டியதும் ஸ்பீடு 9க்கு வாருங்கள், சைட்விண்டர் மாதிரி டர்ன் அதிகமுள்ளதாக. 300 சர்வசாதாரணமாக வந்தால் 11. 350 தாண்டிய பிறகு டெஸ்ட்ராயரை வெளியே எடுங்கள். இது என் கைக்கணக்கு, சட்டம் இல்லை.

கிரிக்கெட் கை பற்றி ஒன்று. கீப்பருக்கு எறிவது தலைக்கு மேலான வீச்சு. பேக்ஹேண்டுக்கு அது பத்துப் பைசா உதவாது. பாயிண்டில் நின்று பக்கவாட்டில் சுண்டி எறிந்து ரன் அவுட் செய்ததுண்டா? அந்த மணிக்கட்டு ஃபோர்ஹேண்டுக்கு அப்படியே வரும். அதையும் பழகிப் பாருங்கள்.

நான் எத்தனை மைல் வேகத்தில் எறிகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரேடார் கருவி வாங்க மனசில்லை.
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

மனசில்லாததே நல்லது. போனில் ஸ்லோமோஷன் இருக்கிறதா? பெரும்பாலான போன்களில் நொடிக்கு 240 பிரேம் கிடைக்கும். ஒரு வலையோ, கெட்டியான போர்வையோ கட்டுங்கள். தட்டு கையை விடும் இடத்திலிருந்து வலை சரியாக 44 அடி இருக்கட்டும். இரண்டும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் போனை வைத்துப் பிடியுங்கள். கையை விட்ட பிரேமிலிருந்து வலையில் பட்ட பிரேம் வரை எண்ணுங்கள். 7200ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வந்துவிடும். 120 பிரேம் என்றால் 60 மைல். 144 என்றால் 50. 44 அடி ஏன் என்றால் கணக்கு சுளுவாக வருகிறது, அவ்வளவுதான். வழியில் காற்று கொஞ்சம் வேகத்தைத் தின்னும், ஆகவே கையை விட்ட வேகம் ஒரு துளி கூட இருக்கும்.

கராஜில் இரண்டு பெட்ஷீட் கட்டி நான் அளந்தபோது 156 பிரேம் வந்தது. 46 மைல். பத்துத் தடவை எறிந்து பத்துத் தடவையும் எண்ணினேன். 44 மைலுக்குக் கீழும் போகவில்லை, 48க்கு மேலும் ஏறவில்லை. ஒரு பெட்ஷீட் கிழிந்தது. 60 மைலில் மூக்கு தூக்காமல் விட்டால் 350, 400 அடி சுற்று வட்டாரத்தில் போகும். உச்ச ஆட்டக்காரர்கள் 70 மைலைத் தாண்டுகிறார்கள். டெஸ்ட்ராயர் அவர்கள் கைக்காகச் செய்தது.

மூக்கு என்றேனே, அதையும் அதே வீடியோவில் பாருங்கள். தட்டின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட உயர்ந்திருந்தால் 65 மைல் கையும் வீண்தான். தட்டு மேலே ஏறி, நின்று, இடதுபக்கம் விழும். புதுத் தட்டு வாங்குவதற்கு முன்னால் திருத்த வேண்டியது இது. கடைக்காரர் சொல்லமாட்டார்.

என் கணவர் 300 அடி எறிவார். நான் 160. பையில் இருப்பதெல்லாம் அவர் வாங்கியது, 170 கிராமுக்கு மேல். ‘பழகினால் வரும்’ என்கிறார். இரண்டு வருடமாக வரவில்லை.
– வாசகி, எஸ்போ, ஃபின்லாந்து

இரண்டு வருடம் பொறுத்தீர்களே, பெரிய மனசு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் ஓடுவீர்களா?

160 அடிக்கு டிஸ்டன்ஸ் டிரைவரே (ஸ்பீடு எண் பெரிய, அகல விளிம்புத் தட்டு) தேவையில்லை. ஒரு நேரான மிட்ரேஞ்ச், அதாவது பட்டருக்கும் டிரைவருக்கும் நடுவிலான தட்டு, அதே தூரம் போகும், போகிற இடமும் தெரியும். எஸ்போ பக்கம் காட்டு மைதானங்களில் பைன் மரங்களுக்கு நடுவே நேராகப் போவதே பெரிய லாபம். ஆசைக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்றால் பக்கத்து நாட்டுச் சரக்கு இருக்கிறது: ஸ்வீடனின் லாட்டிடியூட் 64 செய்கிற டயமண்ட். 8, 6, -3, 1. பெரும்பாலும் 160 கிராமுக்குக் கீழே கிடைக்கும். எடை குறைந்தால் அதே கை கொஞ்சம் வேகமாக விடும், தட்டும் சுலபமாகத் திரும்பும். அதே நிறுவனத்தின் ரிவரும் நல்லது. கிளைட் 7, பட்டம் மாதிரி மிதக்கும். ஆனால் எதிர்காற்றில் இந்த இரண்டையும் எடுக்காதீர்கள். வலதுபக்கம் கவிழ்ந்து பெர்ரிப் புதருக்குள் போய்விடும்.

குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், விரலும் விறைக்கும். பிடி நழுவினால் எந்த எண்ணும் பேசாது. ஒரு கைச்சூட்டுப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தங்கச்சி, போன முறை மெதுவாக எறியிற ஆக்கள் டெஸ்ட்ராயரைத் தொடக் கூடாது எண்டு எழுதினீங்கள். எனக்கு 55 வயசு, 270 அடிதான் எறியிறன். ஆனா டொராண்டோ தீவில ஏரிக் காத்து முகத்தில அடிக்கேக்க அதுதான் எனக்குக் கை குடுக்குது. உங்கட கணக்குப் பிழை.
– வாசகர், ஸ்கார்பரோ

பிழைதான் அண்ணை, ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

எதிர்காற்றில் தட்டைத் தாண்டி ஓடும் காற்றின் வேகம் கூடுகிறது. உங்கள் கை வேகம் 50 மைல் என்று வைத்துக்கொண்டால், 15 மைல் எதிர்காற்று சேரும்போது தட்டுக்கு அது 65 மைல் கை மாதிரி. அப்போது டெஸ்ட்ராயர் நேராக நிற்கும். என் லெப்பர்டு குப்புறக் கவிழும். தூரம் கூடாது, ஆனால் சொன்ன இடத்தில் விழும். இடதுபக்கம் வளைகிற துளைக்கும் அப்படியே. ‘கட்டாயம் இடதுபக்கம் போ’ என்று சொல்ல ஒரு தட்டு எல்லோருக்கும் வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது ஃபயர்பேர்ட், 9, 3, 0, 4. விளிம்பு மெலிசு, என் சின்ன விரல்களுக்கு அடங்குகிறது.

சவுத் கரோலைனாவில் ராக் ஹில் ஊரில், வின்த்ராப் பல்கலைக்கழக மைதானத்தில், 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று பார்த்தால் டெஸ்ட்ராயர் காதைத் தாண்டும்போது சேலை கிழிகிற சத்தம் கேட்கும். ஆனால் வைக்கோல் கட்டுகளால் வேலி போட்ட 17ஆம் துளையில் அத்தனை பேரும் டிஸ்டன்ஸ் டிரைவரை உள்ளே வைத்துவிட்டு மெதுவான தட்டுக்குக் கை நீட்டுகிறார்கள். 500 அடி எறிகிற கை அது.

என் 12 வயது மகன் பிறந்தநாளுக்கு ஸ்பீடு 13 தான் வேண்டும் என்கிறான். உலக சாதனை வீடியோ பார்த்துவிட்டான்.
– வாசகி, மோரிஸ்வில், நார்த் கரோலைனா

அந்த வீடியோ எனக்கும் தெரியும். 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தார். பின்னால் பேய்க்காற்று, எதிரே ஒரு மரமில்லை. மோரிஸ்வில்லில் இரண்டும் கிடையாது.

வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொன்னால் பிறந்தநாள் கெட்டுவிடும். கூடவே 150 கிராம் லெப்பர்டு ஒன்றையும் சும்மா பையில் போட்டு வையுங்கள், அறிவுரை எதுவும் வேண்டாம். இரண்டின் பின்புறமும் உங்கள் போன் நம்பரை மார்க்கரில் எழுதுங்கள். 13ஐ யாராவது குளத்தருகே கண்டெடுத்துக் கூப்பிடுவார்கள்.