வீட்டிலேயே சின்ன வெண்கல உரல் வார்க்க முடியுமா?

லேத் ஓட்டத் தெரியும், வார்ப்பு பழக்கமில்லை, முதல் வேலையாக உரல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். மியான்மரில், இங்கே யாங்கோனில் நான் வார்த்த உரலில்தான் அம்மா தினமும் ஏலக்காய் தட்டுகிறார்கள். உங்களுக்குக் கடைசல் சுலபம். உலோகத்தில்தான் கவனம் வேண்டும்.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய புஷ், வால்வு எதையும் உருக்காதீர்கள். அந்த வெண்கலத்தில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். இடிக்க இடிக்க உரல் தேயும், தேய்ந்தது மசாலாவோடு வயிற்றுக்குள் போகும். நான் உறை உரித்த மின்கம்பிச் செம்பும் சுத்தமான வெள்ளீயக் கட்டியும் எடுத்துக்கொண்டேன். தாவாய்ப் பக்கம் வெள்ளீயச் சுரங்கங்கள் உள்ள நாடு இது, தேடினால் கிடைக்கும்.

மொத்தம் இரண்டு வீசை. ஆமாம், நம் ஊர் வீசை என்ற பெயர்தான், இங்கே இன்னும் அதில்தான் நிறுக்கிறார்கள். இங்கத்து ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் போதும். மணிக்குச் சேர்ப்பதுபோல் 20 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் நாதம் நன்றாக இருக்கும், ஆனால் இடிக்கும்போது விரிசல் விடலாம். செம்பு 1085 டிகிரியில் உருகும். அது உருகிய பிறகு வெள்ளீயத்தைப் போட்டுக் கிளறுங்கள். கரண்ட் போகிற ஊராக இருந்தால் கையால் சுற்றும் துருத்தி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் உரலை வாய் மேலே பார்க்க வார்த்தேன். மெல்லிய சுவர் முதலில் இறுகிவிட்டது. கீழே கனமான அடிப்பகுதி இறுகிச் சுருங்கும்போது அதற்கு ஊட்ட உலோகம் இல்லை. லேத்தில் உள்ளே குடைந்துகொண்டே போனபோது அடியில் மிளகளவு ஓட்டை தெரிந்தது, இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் அது சுண்டைக்காய் அளவு குழியாகிவிட்டது. இரண்டு நாள் வேலை வீண், அன்று மனசே விட்டுப்போச்சு.

அடுத்ததைக் கவிழ்த்து வார்த்தேன். அடிப்பகுதி மேலே, அதன்மேல் நாலு சென்டிமீட்டர் தடிமனில் ரைசர், அதாவது இறுகும்போது உரலுக்கு ஊட்டும் கூடுதல் உலோகத் திண்டு. குழி விழுந்தது ரைசரில்தான், உரல் கெட்டியாக வந்தது. அந்த ரைசரையே லேத்தின் சக்கில் (பிடிப்பானில்) பிடித்து உள்ளும் வெளியும் ஒரே பிடியில் கடைந்துவிட்டு, கடைசியில் அறுத்துப் போட்டேன். 80 மில்லிமீட்டர் விட்டத்துக்கு நிமிடத்துக்கு 120 சுற்று, கத்தியின் மேல்முகம் தட்டை. உள்ளே அடிமூலையை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மிளகு அங்கேயே ஒளிந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். மண்டலேயில் தம்பவதி வார்ப்பட்டறைக்காரர்கள் புத்தர் சிலைக்கு மெழுகை உருக்கி வெளியேற்றி, அச்சைச் சுட்ட பிறகுதான் ஊற்றுவார்கள். நீங்கள் மணல் அச்சில் வார்த்தாலும் உரலின் குழிக்காக உள்ளே வைக்கும் மணல் உருவை (கோர்) அடுப்பில் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் தங்கியிருந்தால் நீராவி உலோகத்தை முகத்துக்கு வீசியடிக்கும். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி இல்லாமல் அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், உரலில் காய்ந்த சாமான் மட்டும் இடியுங்கள். புளியோ உப்போ பட்டால் களிம்பு பிடிக்கும்.