பெண்களின் ஆயுட்கால நட்பையும் வேலைக் கனவையும் குடும்பத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு நாவலைப் பரிந்துரைக்க முடியுமா?

எலெனா ஃபெரான்டே என்ற புனைபெயரில் எழுதும் இத்தாலிய எழுத்தாளரின் நேப்பிள்ஸ் நாவல்களைச் சொல்வேன். முதல் பாகத்தின் ஆங்கிலப் பெயர் 'மை பிரில்லியன்ட் ஃபிரெண்ட்'. 2011 முதல் 2014 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு பாகங்கள் இத்தாலியில் வந்தன. ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,700 பக்கம். நான்கும் ஒரே கதைதான், அதனால் நடுவில் ஒரு பாகத்தை எடுத்துப் படித்தால் ஒன்றும் புரியாது.

கதையின் இரண்டு தோழிகளான லெனுவும் லீலாவும் 1944-இல் பிறந்தவர்கள். நேப்பிள்ஸ் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்கிறார்கள். லெனுவின் அப்பா நகராட்சி அலுவலகத்தில் கடைநிலை ஊழியர், லீலாவின் அப்பா செருப்புத் தைப்பவர். இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். லீலா ஒரு படி மேல். யாரும் சொல்லித்தராமல் தானே எழுத்துக் கற்றவள். அந்தக் காலத்து இத்தாலியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதினால்தான் லத்தீன் சொல்லித்தரும் நடுநிலைப்பள்ளிக்குப் போக முடியும். லெனுவின் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே சம்மதிக்கிறார்கள். லீலாவின் வீட்டில் முடியாது என்கிறார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று விடாமல் கேட்ட பத்து வயதுப் பெண்ணை அப்பா ஜன்னல் வழியே தூக்கித் தெருவில் எறிகிறார். கை உடைகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான நடுநிலைப்பள்ளி என்ற சட்டம் இத்தாலியில் 1962 டிசம்பரில்தான் வந்தது. அப்போது லீலாவுக்கு வயது பதினெட்டு, கல்யாணமாகி ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த ஒரு இடத்தில் இரண்டு வாழ்க்கையும் பிரிகின்றன. மீதிக் கதை முழுக்க அந்தப் பிரிவின் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருத்தி படித்தாள், இன்னொருத்தி படிக்கவில்லை. படித்தவளுக்கு அது உள்ளுக்குள் கடனாகவே இருக்கிறது, அறுபது வயதிலும் அடைபடுவதில்லை.

லெனு மேல்படிப்புக்குப் போகிறாள், லத்தீன் வரவில்லை. செருப்புக் கடையில் உட்கார்ந்திருக்கும் லீலா நூலகத்தில் லத்தீன் இலக்கணப் புத்தகத்தை எடுத்துத் தானே படித்து, தோழிக்குச் சொல்லித்தருகிறாள். வாக்கியம் முழுவதையும் படி, முதலில் வினை எங்கே என்று பார், அதன் முடிவை வைத்து எழுவாயைப் பிடி என்கிறாள். அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'வந்தாள்' என்றால் வந்தது யார் என்று தமிழிலும் வினையின் வாலே சொல்லிவிடும் இல்லையா? பன்னிரண்டு வயதில், ஆசிரியர் இல்லாமல், ஒரு மொழியின் சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பெண் செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறாள்.

அதே நூலகத்தில் இன்னொரு காட்சி. அதிகம் படித்த வாசகர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். முதல் பரிசு லீலாவுக்கு. அடுத்த மூன்றும் அவள் அப்பா, அம்மா, அண்ணன் பெயருக்கு. வீட்டில் எல்லார் பெயரிலும் அட்டை வாங்கி, அத்தனை புத்தகத்தையும் எடுத்துப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஐந்தாவது பரிசு லெனுவுக்கு.

பதினாறு வயதில் லீலாவுக்குக் கல்யாணம். அன்று காலை லெனுதான் அவளைச் செப்புத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிவிடுகிறாள். சற்று முன்புதான் லீலா, நீ படிப்பை நிறுத்தக் கூடாது, பணம் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். புத்தகத்தின் தலைப்பு அங்கே வருகிறது. 'மேதைத் தோழி' லீலா என்று அதுவரை நினைத்துப் படித்துக்கொண்டிருப்போம். அந்த வார்த்தையை லீலா லெனுவைப் பார்த்துச் சொல்கிறாள்.

வேலை, லட்சியம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். லெனு பீசாவில் உள்ள புகழ்பெற்ற கல்லூரியில் இடம் பிடித்துப் படிக்கிறாள், இருபது நாளில் ஒரு நாவல் எழுதுகிறாள், அச்சாகிறது. அந்த நேரத்தில், லீலா பத்து வயதில் எழுதிய 'நீல தேவதை' என்ற குட்டிக் கதை பழைய ஆசிரியை வழியாக லெனுவின் கைக்கு வருகிறது. படித்தால், தான் எழுதிய நாவலின் உயிர் அந்தப் பிள்ளைக் கையெழுத்தில் இருக்கிறது. லெனு அதை எடுத்துக்கொண்டு லீலா வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போகிறாள். லீலாவின் கைகள் வெட்டும் புண்ணுமாக இருக்கின்றன. கணவனை விட்டு வந்தாயிற்று. விவாகரத்துச் சட்டம் இத்தாலியில் 1970 இறுதியில்தான் வந்தது என்பதால் சட்டப்படி விடுபட வழியில்லை. ஒரு குழந்தை. இரவில், சிறுவயதிலிருந்தே தெரிந்த என்ஸோவோடு சேர்ந்து தபால்வழிப் பாடத்தில் கணினி நிரல் எழுதப் படிக்கிறாள். அதைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசுகிறாள்! லெனு விடைபெற்று வாசல்வரை வந்து திரும்பிப் பார்க்கும்போது முற்றத்தில் எரியும் நெருப்பில் லீலா அந்த நோட்டைப் போடுகிறாள்.

குடும்பத்தைப் பற்றி எழுதிய இடங்கள் எனக்கு இன்னும் நெருக்கமானவை. லெனுவின் அம்மா ஒரு காலை இழுத்து நடப்பவர். அம்மாவைப் போல ஆகிவிடக் கூடாது என்பதுதான் லெனுவின் முதல் லட்சியமே. பேராசிரியரைக் கல்யாணம் செய்து, ஃபுளோரன்ஸில் குடியேறி, முதல் குழந்தையைச் சுமக்கும்போது இவளும் நொண்ட ஆரம்பிக்கிறாள். குழந்தை அழுகிறது, கணவர் பக்கத்து அறையில் தன் புத்தகத்தை எழுதுகிறார், இவளால் வருஷக்கணக்கில் ஒழுங்காக எழுத முடியவில்லை. பின்னால் எழுத்து திரும்பக் கைகூடும்போது, மகள்களைக் கொஞ்ச காலம் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகிறாள். இன்னும் பின்னால் அவள் வெளியூர் போகும் நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டு லீலா. வேலையில் மேலே போகும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்: வீட்டில் இன்னொரு பெண் நிற்கிறாள், அதனால்தான் நாம் கிளம்ப முடிகிறது. எனக்கு என் மாமியார் நின்றார். பதவி உயர்வு வந்த அன்று அவரிடம் நன்றி சொன்னேனா என்று இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் ஐம்பது, அறுபது பக்கத்தில் பெயர்கள் குழப்பும். குடும்பப் பட்டியல் முன்பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் அரசியல் கூட்டங்கள் கொஞ்சம் நீளம்தான். நீனோ என்ற ஆளை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. நான்காம் பாகத்தில் நடப்பதைப் பற்றி மூச்சு விடமாட்டேன், தெரியாமல் போய்த்தான் படிக்க வேண்டும். 2018 முதல் 2024 வரை நான்கு சீசன்களாகத் தொலைக்காட்சித் தொடரும் வந்தது, நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் புத்தகம் முதலில்.

அப்புறம், இந்த நாவலை ஏன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் என்னைவிட முப்பது மதிப்பெண் அதிகம் வாங்கிய தோழி ஒருத்தி எனக்கு உண்டு. கணக்கில் எனக்கு என்ன தெரியுமோ அதில் பாதி அவள் சொல்லித்தந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள், நான் கல்லூரிக்குப் போனேன். முதல் வேலையில் பயிற்சி முடிந்து ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்கப் போனேன். சம்பளம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டி, அந்தப் பயிற்சில என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? எனக்கும் சொல்லு" என்றாள். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டாள். அந்த இரண்டு கேள்வியும் வகுப்பில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுக்கு ஆங்கிலத்தில் படிக்க வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் நான் கதை சொல்கிறேன், அவள் கேட்கிறாள். ஜன்னல் காட்சியைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவ அந்தப் பரீட்சைய எழுதவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போன வாரம், "நீல தேவதை எழுதின நோட்டு என்னாச்சு, டீச்சர் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்த நெருப்பைச் சொல்ல வேண்டும்.