பழைய எஸ்யூவியில் டிக் டிக் சத்தம்

கேள்வி: 15 வருடப் பழைய எஸ்யூவி வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மேல்பக்கம் டிக் டிக்கென்று சத்தம், சூடானதும் அடங்கிவிடுகிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) இருந்தால், இரவு முழுக்க நிற்கும்போது அதிலுள்ள ஆயில் கீழே வடிந்துவிடும், மறுபடி நிரம்பும்வரை சில விநாடிகள் தட்டும். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு, மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் நல்ல ஃபில்டரும், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் போட்டுப் பாருங்கள். சத்தத்தை அமுக்க கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், குளிரில் அது மேலே ஏறவே நேரமாகும்.

ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத வண்டி என்றால் டப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியை, ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகளாலான அளவுகோல்) வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும். இடைவெளி கூடினால் சத்தம் வரும், சரி, ஆனால் குறைந்தால் சத்தமே வராமல் வால்வு கருகும், எனக்கு அதுதான் பெரிய பயம்.

அப்புறம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு) கசிந்தாலும் இதே டிக் டிக் வரும், அதுவும் சூடானதும் அடங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் தட்டினாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ வண்டியை உடனே நிறுத்திவிட்டு ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.