எண்ணாததை எழுதச் சொன்னால்?

வணக்கம் அம்மா.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் வார்டிலிருந்து அழுதுகொண்டே வந்தாள், வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு நோயாளிகளுக்கும் மூச்சை எண்ணாமலேயே சார்ட்டில் 20 என்று எழுதச் சொல்லியிருக்கிறார் சீனியர் நர்ஸ். அவளுக்குக் கை வரவில்லை. மாற்றாதீர்கள் அம்மா. கை வராத பிள்ளைதான் அந்த வார்டுக்கு வேண்டும்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடம்பு மோசமாகத் தொடங்கும்போது, பல சமயம் ரத்த அழுத்தம் இறங்கும் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டியிருப்பதால், வேலை நெருக்கடியில் முதலில் விடுபடுவதும் இதுதான். எண்ணாமல் எழுதிய 20-ஐ நம்பி, இரவு டாக்டர் அந்தக் கட்டிலைக் கடந்து போய்விடக்கூடும்.

அந்த சீனியரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் பற்றாத வார்டில் அவரும் ஒரு காலத்தில் இப்படி அழுதிருக்கலாம். சரி எது என்று தெரிந்தும் செய்யவிடாத சூழலில் வரும் இந்த வேதனையை, 1984-லேயே ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் தனியாகப் பெயரிட்டு எழுதினார். உங்கள் மகளுக்கு மட்டும் வந்த பலவீனமில்லை இது.

அவள் சண்டை போட வேண்டியதில்லை. நோயாளி முன்னால் வாக்குவாதம் கூடவே கூடாது. எண்ணிவிட்டு, "சிஸ்டர், மூணாவது பெட்ல இருக்கிறவருக்கு 28 வருது, ஒரு தடவை பார்க்கிறீங்களா?" என்று கேட்கட்டும். பேச்சு சீனியரின் தவறைப் பற்றி இல்லாமல் நோயாளியைப் பற்றி இருந்தால் பெரும்பாலும் காது கொடுப்பார்கள். கேட்காவிட்டால் தாமதிக்காமல் வார்டு பொறுப்பாளரிடம் சொல்லட்டும், கல்லூரி ஆசிரியரிடமும் சொல்லி வைக்கட்டும். எண்ண நேரமே இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, எடுக்கவில்லை என்று வாயால் சொல்லிவிட வேண்டும்.

ரத்தமும் இரவு ஷிஃப்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம். இன்று அவளிடம் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். கூடவே, விநாடி முள் உள்ள வாட்ச் ஒன்று அவளிடம் இருக்கிறதா என்றும்.