இரண்டு அமர்வில் முடிவெடுக்க வேண்டாம்

இரண்டு முறை போயும் தெரபிஸ்ட் கேள்விதான் கேட்கிறார், ஒரு வழியும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தால் மனம் இன்னும் கனக்கிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கனம் எனக்கும் தெரியும். பல நாள் மூடி வைத்ததைத் திறக்கும்போது பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதல் சில அமர்வுகள் பெரும்பாலும் உங்களைத் தெரிந்துகொள்ளவே போய்விடும். தூக்கம் எப்படி, எப்போது தொடங்கியது, எதற்குப் பயப்படுகிறீர்கள், இதெல்லாம் தெரியாமல் அவர் அறிவுரை சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT), அதாவது நம் எண்ணங்களையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, குறுகிய காலச் சிகிச்சை என்று பெயர் எடுத்தது. அதுவே பெரும்பாலும் வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வு வரை போகும். வீட்டுப்பாடமும் உண்டு: பதற்றம் வந்த நேரத்தில் மனதில் ஓடிய எண்ணத்தை எழுதி வைப்பது போல.

அடுத்த முறை, இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். "என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள், முன்னேற்றம் எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபிக்க மாட்டார். மழுப்பினாலோ, உங்களையே குறை சொன்னாலோ, வேறு ஒருவரைத் தேடத் தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும். அந்தக் கனம் உயிரை விடும் எண்ணமாக மாறினால், அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.